மழைக்காகக் காத்திருந்த பாதை

மார்ச் மாதத்தின் முதல் ஒன்பது நாட்களை நாங்கள் கிழவிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி, ஒன்பது ஆட்டுத்தோல் கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மலையேறி, நாளுக்கு ஒன்றாகக் கழற்றி எறிந்து, கடைசியில் விறைத்துச் செத்துப்போன தோக்கியா கிழவியின் நாட்கள் அவை. காலையில் வெயில் அடிக்கும், மதியம் மழை கொட்டும், சாயங்காலம் பனி விழும். பிப்ரவரி முடிவதற்குள் ஆளுக்கொரு நாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நாளில் வானம் எப்படியோ, ஆண்டு முழுக்க உன் குணமும் அப்படி. வெயில் அடித்தால் தங்கமான மனசு, மழை பெய்தால் மூக்கைச் சிந்துகிறவள். போன ஆண்டு என் நாளில் ஆலங்கட்டி விழுந்தது. அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் வாயைத் திறந்தாலே, "எல்லாரும் தலையை மூடிக்கோங்கப்பா" என்று சொல்லிச் சிரித்தார்கள். சொன்னவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் ஸர்னேஷ்ட் ஊரில் மலை சைக்கிள் ஓட்டுகிற கோஷ்டி ஒன்று உண்டு. அதில் நானும் ஒருத்தி. பெயர் வியோரிக்கா. பக்கத்து நகரமான பிரஷோவுக்குப் போய்வரும் பஸ்ஸை ஓட்டுகிறேன். முழங்கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே ஐம்பதைத் தாண்டிவிட்டன. என் தம்பி லீவியு, அவன் மனைவி இலிங்கா, பல் டாக்டர் ரேலு, இன்னும் சிலர். கோஷ்டிக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கிழவி நாள் யாருடையதோ அவர்தான் அன்று முன்னால் போவார். எந்த வழி, எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது எல்லாம் அவர் இஷ்டம். திட்டலாம், முனகலாம், மீறக் கூடாது. ஆம்பிளைகள் தங்களுக்குக் கிழவிகளைத் தொடர்ந்து வரும் கிழவர்களின் நாட்களைக் கொடுக்கச் சொல்லி ஒருமுறை மனுப் போட்டார்கள். அந்த நாட்களில் பெரும்பாலும் வெயில் அடிக்கும். பெண்கள் நாங்கள் அந்தப் பேச்சை அங்கேயே நறுக்கினோம்.

இலிங்கா பிரயிலாவிலிருந்து வந்தவள். பிரயிலா என்றால் டான்யூப் ஆற்றங்கரை, தட்டையான பூமி, வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அடுத்த ஊர்ச் சர்ச் தெரியும். அவள் அதுவரை ஏறியதிலேயே உயரமானது ஆற்றின் கரைமேடு என்று ரேலு அவள் வந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். நானும் சிரித்தேன். என் தம்பி மலைக்காரன், அவனுக்கு மலைக்காரி ஒருத்தி கிடைக்காமலா போய்விட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு இருந்ததை மறைக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பாள், சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள், விழுவாள், எழுந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள். பேசாதவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

ஊருக்குப் பின்னால் பீச் மரக் காடு; பழம் தருகிற பீச் இல்லை, இலையுதிர்க்கிற உயரமான காட்டு மரம். அதில் ரேலுவும் லீவியுவும் பல வருஷங்களுக்கு முன் ஒரு இறக்கப் பாதை வெட்டியிருந்தார்கள். உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே கோடு. அதற்கு அம்பு என்று பெயர். மலைக்காரன் வேறெப்படி வெட்டுவான்? கீழே போக வேண்டும், அவ்வளவுதானே. அம்பில் இறங்கினால் கண்ணில் தண்ணீர் வரும், நெஞ்சு வாய்க்கு வரும். ஆனால் பனி உருகுகிற காலத்தில் தண்ணீரும் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டது. வருஷத்துக்கு வருஷம் பள்ளம் ஆழமாகி, பாதை ஓடையாகி, மரங்களின் வேர் வெளியே தெரிய ஆரம்பித்தது. வனக்காவலர் கவ்ரிலா அண்ணன் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் மேலேயும் கீழேயும் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டு, இந்தச் சரிவில் இனி சைக்கிள் கிடையாது என்று ஒரு பலகையும் அடித்துவிட்டுப் போனார். ஒரு வருஷம் முழுக்க நாங்கள் லாரி போகும் காட்டு ரோட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினோம்.

அவரைப் போய்ப் பார்த்தது இலிங்காதான். யாரிடமும் சொல்லவில்லை, லீவியுவிடம்கூட. என்ன பேசினாளோ, ஒரே ஒரு பாதை, அவள் குறிக்கிற வழியில், என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குக் கவ்ரிலா அண்ணன் போட்ட நிபந்தனையை அவளே எங்களுக்குச் சொன்னாள். வசந்தத்தில் பனி உருகும்போது அவர் வந்து பார்ப்பார். தண்ணீர் பாதையோடு ஓடினால் தன் கையாலேயே மூடுவார், அப்புறம் அந்தச் சரிவில் யாரும் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது. தண்ணீர் பாதையைவிட்டு விலகி ஓடினால் பாதை இருக்கலாம்.

அவள் குறித்த வழியைப் பார்த்து ரேலு உச்சுக்கொட்டினான். "இது பாதையா, குடலா?" என்றான். உண்மையில் குடல் மாதிரிதான் இருந்தது. சரிவை ஒட்டிக் குறுக்கே போகும், வளையும், திரும்பும். அதைவிட எங்களுக்கு எரிச்சல் என்னவென்றால், முழுக்க இறக்கமாகவும் இல்லை. கொஞ்சம் இறங்கும், உடனே ஒரு சின்ன மேடு ஏறும், மறுபடி இறங்கும். இறங்கிவந்த தண்ணீர் அந்த மேட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே வெளிப்பக்கமாக விழுந்துவிடும் என்று அவள் விளக்கினாள். பாதையையே வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வெட்டச் சொன்னாள். தண்ணீரோடு சண்டை போடக் கூடாது, அதற்கு வழிவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்பது அவள் கட்சி. நாங்கள் செப்டம்பரில் உற்சாகமாக வெட்டினோம், அக்டோபரில் சுமாராக வெட்டினோம், நவம்பரில் ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது. அவள் மட்டும் மருந்துக்கடை மூடியதும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தினமும் போனாள். என் தம்பி வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்குதான் சாப்பாடு என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன்.

பிப்ரவரி கடைசியில் நாட்களைப் பிரித்தபோது இலிங்கா ஒன்பதாம் கிழவியின் நாளைத் தனக்குக் கேட்டாள். அதுவரை ஒன்பது நாளும் எங்களுக்குள்ளேயே தீர்ந்துவிடும்; கோஷ்டியில் சேர்ந்தபிறகு அவளுக்கென்று நாள் கிடைத்தது அதுவே முதல்முறை. அதே நாளில் வந்து பாதையைப் பார்க்கும்படி கவ்ரிலா அண்ணனையும் அழைத்துவிட்டாள். அவரும் உள்ளூர்க்காரர்தானே, கிழவி நாளில் கூப்பிட்டால் மறுக்க மாட்டார். அன்று வெயிலடிக்க வேண்டுமே என்று லீவியு சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினான் என்று ரேலு பரப்பினான். லீவியு அதை மறுக்கவில்லை.

மற்றக் கிழவிகள் அவரவர் புத்தியைக் காட்டிவிட்டுப் போனார்கள். ரேலுவின் நாளில் காலையிலிருந்து மூடுபனி, முன்னால் போகிறவனின் முதுகு தெரியவில்லை. வாடிக்கையாளரிடம் வலிக்காது என்று சொல்கிற ஆளுக்குப் பொருத்தமான வானம்தான் என்று நான் போகிற இடமெல்லாம் சொன்னேன். என் நாளில் வெயில் அடித்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கதவைத் திறந்ததும் எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ராத்திரி நன்றாக உறைந்திருந்தது. முற்றத்து மண்ணைக் குதிகாலால் உதைத்தேன், சிமென்ட் தரை மாதிரி திருப்பி உதைத்தது. மார்ச்சில் சைக்கிள் ஓட்டுகிற எவருக்கும் தெரியும், இப்படி ஒரு காலை கிடைத்தால் வெயில் ஏறுவதற்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும். மண் உறைந்திருக்கும்வரை நீ ராஜா. உருகிவிட்டால் டயரில் களிமண் அப்பி, சக்கரம் சுற்றாமல், சைக்கிளை நீதான் முதுகில் சுமக்க வேண்டும். இந்த உறைந்த மண்ணில் பத்து எருமைகள் நடந்தாலும் தடம் விழாது. கவ்ரிலா அண்ணன் வருவார், பார்ப்பார், தலையாட்டுவார், விஷயம் முடிந்தது. தம்பி வீட்டு வாசலில் போய் ஹேண்டில்பாரில் கட்டியிருந்த மாட்டுமணியை அடித்தேன். மார்ச்சில் கரடிகள் குகையைவிட்டு வெளியே வரும் என்பதால் எல்லோரும் மணி கட்டியிருப்போம்.

இலிங்கா வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். முகம் தொங்கிப் போயிற்று. எனக்கு அப்போது புரியவில்லை, பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

கவ்ரிலா அண்ணன் காட்டு ரோடு தொடங்கும் இடத்தில் கைத்தடியும் பெரிய கறுப்புக் குடையுமாக நின்றிருந்தார். இந்த வெயிலில் குடை எதற்கு என்று ரேலு கேட்டான். கிழவிகளை நம்பி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்றார் அவர். சீக்கிரம் முடியுங்கள், மதியம் மாமியார் வீட்டில் விருந்து என்றும் சொல்லிவைத்தார். அவர் குறுக்குவழியாக நடந்து ஏறினார். நாங்கள் ரோடு வழியாக மிதித்து ஏறினோம். நிழல் பக்கத்தில் பழைய பனி இன்னும் திட்டுத்திட்டாகக் கிடந்தது. உச்சியில் கோடையில் மட்டும் ஆள் இருக்கும் ஆட்டுக்கிடை ஒன்று உண்டு. அதன் கூரைக்கு அடியில் நின்று எல்லோரும் ஹெல்மெட்டை இறுக்கினோம், முழங்கால் கவசத்தை மாட்டினோம். ரேலு டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டான்.

இலிங்கா ஹெல்மெட்டைக் கழற்றி மரப்பலகையில் வைத்தாள். பையிலிருந்து பெரிய ஃபிளாஸ்க்கை எடுத்தாள், கிண்ணங்களை எடுத்தாள். அன்று நாற்பது தியாகிகளின் திருநாள். அன்றைக்கென்று மாவை எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் முறுக்கி, எங்கள் வீட்டில் அடுப்பில் சுட்டு, தேன் தடவி, வால்நட் தூவுவோம். அவள் ஊர்ப்பக்கம் அதையே பொடிசுபொடிசாகச் செய்து பட்டை போட்ட இனிப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள். சைக்கிளில் சூப்பைக் கட்டிக்கொண்டு வந்தவளை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"உட்காருங்க, சாப்பிடுங்க. இப்பப் போக வேண்டாம்" என்றாள்.

அப்புறம் எப்போது போவது என்று லீவியு கேட்டான். மண் இளகட்டும் என்றாள். மேற்கே மலைத்தொடரின் பின்னால் காற்று மாறுகிறது, மதியத்துக்குள் மழை வரும், அதுவும் வரட்டும் என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. ரேலு, நான் பாட்டுக்கு இறங்கிப் போகிறேன் என்று சைக்கிளைத் திருப்பினான். கவ்ரிலா அண்ணன் கைத்தடியை அவன் முன்சக்கரத்துக்குக் குறுக்கே நீட்டினார்.

"இன்னிக்கு அவதான் கிழவி. உட்காரு" என்றார்.

ரேலு உட்கார்ந்தான். எங்கள் ஊரில் பல் டாக்டருக்கு மரியாதை உண்டு. ஆனால் கிழவி நாளைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு யாரும் இங்கே பிழைக்க முடியாது.

லீவியு என்னைக் கண்ணால் கெஞ்சினான். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீ பேசு அக்கா என்று அர்த்தம். நான் அவளை இழுத்துக்கொண்டு கிடையின் மறுபக்கம் போனேன்.

"ஏம்மா, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? கிழவியே மனசு இரங்கி உனக்கு வெயிலைக் குடுத்திருக்கா. அந்த மனுஷன் அஞ்சு நிமிஷத்துல சரின்னுட்டுச் சாப்பிடப் போவார். எல்லாம் கைக்கு வந்தாச்சு. இதை யாராவது தட்டிவிடுவாங்களா?"

"இப்பப் பார்த்தா அவரு உறைஞ்ச மண்ணைத்தான் பார்ப்பாரு, அண்ணி. என் பாதையைப் பார்க்க மாட்டாரு."

"பார்க்காட்டி என்ன? சரின்னு சொன்னாப் போதாதா?"

"போதாது. இது நின்னா என் பாதையா நிக்கட்டும். நிக்காதுன்னா, அது எனக்கு இன்னிக்கே தெரியணும். குளிரு தாங்கிப் பிடிச்சதால நின்னுச்சுன்னு நாளைக்கு நானே நினைச்சுக்கிட்டு இருக்க முடியாது."

குரலை உயர்த்தவில்லை. ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கினாள், திறந்தாள், மறுபடி இறுக்கினாள். அவளுக்குப் பயமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் அவள் எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்தாள். நாங்கள் இழந்தால் ஒரு பாதையை இழப்போம். அவளுக்கு எங்கள் மலையில் தன்னுடையது என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் மழையில் வைக்கிறாள். எனக்குக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. திரும்பிப் போய் அந்தச் சூப்பைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெயில் ஏறியது. கூரையிலிருந்து முதலில் ஒரு சொட்டு, அப்புறம் வரிசையாகச் சொட்டுகள். கிடைக்கு முன்னால் சாம்பல் நிறமாக இருந்த மண் கறுத்தது. ஒருமணி நேரம் போனதும் ரேலு காலை நீட்டி மண்ணைத் தொட்டான், ஷூவின் நுனி உள்ளே போயிற்று. கவ்ரிலா அண்ணன் மாமியாருக்குப் போன் செய்து காட்டில் வேலை இருக்கிறது என்று சொன்னார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மதியம் நெருங்கும்போது மேற்கே மலைமுகடு காணாமல் போயிற்று. காற்று திரும்பியது. முதலில் நாலு பெரிய துளி, பிறகு நெட்டுக்குத்தாக மழை, அது முடிவதற்குள் மழையோடு கலந்து ஈரப்பனி. காலையில் கழற்றிய கோட்டுகளையெல்லாம் மறுபடி மாட்டிக்கொண்டோம். காட்டுக்குள் எங்கு பார்த்தாலும் தண்ணீர் சலசலக்கும் சத்தம்.

"இப்பப் போகலாம்" என்றாள் இலிங்கா.

கவ்ரிலா அண்ணன் குடையை விரித்துக்கொண்டு குறுக்குவழியில் எங்களுக்கு முன்பே கீழே நடந்தார். மலையிலிருந்து உருகிய தண்ணீர் எல்லாம் ஒன்றுகூடி இறங்கும் ஒரு மடிப்பு பாதிவழியில் இருக்கிறது. அம்பு முதலில் உடைந்தது அங்கேதான். அங்கே நிற்கிறேன், வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் முன்னால், நான் இரண்டாவதாக. மற்றவர்கள் பின்னால். இப்படிப்பட்ட மண்ணில் இறங்குவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கண்ணாடியில் சேறு தெறித்துப் பாதி உலகம் மறைந்துவிடும். பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கும், தொடாவிட்டால் மரம் வரும். பீச் இலைகள் போன வருஷத்தவை, ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சோப்பு மாதிரி இருக்கும். நிழல் விழும் இடங்களில் அதற்கடியில் இன்னும் பனிக்கட்டி ஒளிந்திருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, சேறு என் சக்கரத்தை விழுங்கப்போகும் அந்த நொடிக்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. மேல்தோல் மட்டும் குழம்பியிருந்தது, அதற்குக் கீழே பாதை கெட்டியாக இருந்தது. முதல் சின்ன மேடு வந்தது. அதற்கு முன்னால் இருந்த தண்ணீர் முழுக்க இடது பக்கமாக, அகலமாக, அவசரமில்லாமல் சரிவில் வழிந்து போய்க்கொண்டிருந்தது. மேட்டுக்கு அந்தப்பக்கம் பாதையில் தண்ணீரே இல்லை. அடுத்த மேட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். இலையுதிர்காலம் முழுக்க நாங்கள் திட்டிக்கொண்டே போட்ட மேடுகள் அவை. நான் சைக்கிள் மேலேயே சிரிக்க ஆரம்பித்தேன். வாய்க்குள் சேறு போயிற்று, துப்பிவிட்டு மறுபடி சிரித்தேன். எனக்கு முன்னால் அந்தப் பிரயிலாக்காரி முழங்காலைத் தளர்த்தி, தோளை இறக்கி, வளைவுக்கு வளைவு தண்ணீர் மாதிரியே போய்க்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் எங்களுக்குப் பின்னாலேயே வந்ததால் அவள் ஓட்டுவதை நான் பார்த்ததே இல்லை.

மடிப்பில் கவ்ரிலா அண்ணன் குடைக்கடியில் நின்றிருந்தார். மேலேயிருந்து பழுப்புத் தண்ணீர் பாய்ந்து வந்து, அவள் கல் பாவியிருந்த இடத்தில் பாதையைக் குறுக்கே கடந்து, கீழே காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கோஷ்டி முழுக்க அதைத் தாண்டியது. அவர் குனிந்து எங்கள் டயர்த் தடங்களில் கைத்தடியை ஊன்றிப் பார்த்தார். முனைகூட முழுசாக மறையவில்லை. இன்னொரு இடத்தில் ஊன்றினார். நிமிர்ந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, நல்லாயிருக்கு என்றார். அந்த மனுஷர் தன் கல்யாணத்தன்றுகூட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்.

லீவியு கத்துவதற்கு வாயைத் திறந்தான். அதற்குள் இலிங்கா பேசினாள்.

"நீங்க பார்க்காத இடம் ஒண்ணு இருக்கு, அண்ணே. மேல, மூணாவது வளைவுல. தண்ணி நிக்குது."

எனக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம்போல இருந்தது. ரேலு ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கவ்ரிலா அண்ணன் மேலே நடந்தார், அவள் கூடவே நடந்தாள், நாங்கள் சைக்கிள்களைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினோம். வளைவின் உள்பக்கம், நான் சிரித்துக்கொண்டே கவனிக்காமல் கடந்துவந்த இடத்தில், ஒரு மேஜையளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. எங்கள் தடங்கள் அதன் நடுவே ஆழமாகப் பதிந்திருந்தன. அம்பும் ஒரு காலத்தில் இப்படித்தான் தொடங்கியது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"இதை ஏன் எனக்குக் காட்டுற?" என்று கேட்டார் கவ்ரிலா அண்ணன். "நான் பார்க்காமலே போயிருப்பேனே."

"நீங்க பார்க்காட்டியும் தண்ணி இங்கதானே நிக்கும்" என்றாள். "இது என் தப்பு. நவம்பர்ல இருட்டுல வெட்டினேன், சாய்மானம் உள்பக்கமாப் போயிடுச்சு. மூடணும்னா மூடுங்க. சரிபண்ண விட்டீங்கன்னா இப்பவே பண்றேன்."

அவர் யோசித்தார். மழை குடைமீது விழுந்துகொண்டே இருந்தது. ஒன்பதாம் கிழவி எங்கள் தலைமேல் பனியைக் கொட்டினாள்.

"பண்ணு, பார்க்கறேன்" என்றார்.

அவள் பையிலிருந்து மடக்கு மண்வெட்டியை எடுத்தாள். மண்டியிட்டு, பாதையின் வெளிவிளிம்பில் மேடாக இருந்த மண்ணை வெட்டினாள். லீவியு கையாலேயே அள்ளினான். நானும் மண்டியிட்டேன், என் முழங்கால்களின் கதறலைப் பொருட்படுத்தாமல். ரேலு ஒரு தட்டையான கல்லைத் தேடிப்பிடித்து அதனால் சுரண்டினான். பற்களைச் சுரண்டிப் பழகிய கை, வேகமாகத்தான் செய்தது. விளிம்பு உடைந்ததும் தண்ணீர் ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு அப்படியே நகர்ந்து, வெட்டிய இடத்தின் வழியாக வழிந்து, சரிவில் இறங்கிப் போயிற்று. நாங்கள் சேற்றில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கவ்ரிலா அண்ணன் குடையை மடக்கினார், மழை நிற்காதபோதே. "பாதை இருக்கட்டும்" என்றார். "உன் பேர்லயே இருக்கட்டும். தப்பைத் தானே காட்டுற ஆளு கையில இருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வரும்."

அப்புறம் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. கட்டிக்கொண்டோம், மணிகளை அடித்தோம், சுற்றுவட்டாரத்துக் கரடியெல்லாம் பக்கத்து மாவட்டத்துக்கு ஓடியிருக்கும். மிச்சப் பாதையைப் பறந்து இறங்கிவிடலாம் என்று ரேலு சைக்கிளில் ஏறிவிட்டான். இலிங்கா அவன் முன்னால் போய் நின்றாள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, இனி இந்த ஈரத்தில் ஒரு சக்கரம்கூட ஓடக் கூடாது, மண் காயும்வரை பாதையை மூடுகிறேன் என்றாள். கவ்ரிலா அண்ணன் அதையே சொல்ல வாயெடுத்து, வேலை மிச்சம் என்று மூடிக்கொண்டார். வெற்றி கைக்கு வந்த அந்த நிமிஷமே அதற்குப் பூட்டுப் போட்டவளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பனியில் நனைந்துகொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காட்டு ரோடு வழியாக வீடு வரைக்கும் நடந்தோம். ஒருவர் விடாமல் அவளைத் திட்டினோம். அவளைத் திட்டும்போது எங்கள் குரலில் இருந்த பெருமையை ஊரே கேட்டிருக்கும்.

அடுத்த ஞாயிறு வெயில் கண்ணைப் பறித்தது. பாதை தொடங்கும் இடத்தில் இலிங்கா ஒரு கயிற்றைக் கட்டியிருந்தாள். நான் அங்கே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். யாரும் சொல்லிப் போகவில்லை, என் பஸ்ஸுக்கு அன்று லீவு, அவ்வளவுதான். மதியவாக்கில் பிரஷோவிலிருந்து மூன்று பையன்கள் வந்தார்கள். சைக்கிள் ஒவ்வொன்றும் என் வீட்டைவிட விலை அதிகமாக இருக்கும். புதுப் பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார்களாம். மண் காய்ந்துதானே இருக்கிறது, ஒரே ஒருமுறை இறங்கிவிட்டுப் போகிறோம் என்றார்கள். நான் இலைகளை விலக்கிக் கட்டைவிரலை மண்ணில் அழுத்தினேன். கணுவரைக்கும் போயிற்று. எடுத்து அவர்களிடம் காட்டினேன்.

யார் மூடினார்கள், வன இலாகாவா என்று ஒருவன் கேட்டான்.

"இலிங்கா மூடியிருக்கா" என்றேன். "பிரயிலாக்காரி. என் தம்பி பெண்டாட்டி. இந்தப் பாதையை வெட்டினவ. இந்த மலையில நான் பொறந்ததுலேர்ந்து இருக்கேன், தம்பி. நானே அவ சொன்னாத்தான் உள்ளே போவேன். நீங்க அடுத்த வாரம் வாங்க."

என் பஸ்ஸில் ஏறிய எவரும் என் குரலை எதிர்த்துப் பேசியதில்லை. பையன்களும் பேசவில்லை, சைக்கிளைத் திருப்பினார்கள். அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். பின்னால் இலைச் சத்தம் கேட்டது. இலிங்கா மண்வெட்டியோடு மேலேயிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். நான் பேசியதைக் கேட்டாளா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கயிற்றுக்கு உள்பக்கம், பாதையின் ஓரத்தில், நான் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளைப் பார்த்தாள்.

"அண்ணி, அதையும் வெளியே எடுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எடுத்து வெளியே வைத்தேன்.